கசப்பு விற்றவளின் சீடர்

புதுச்சேரியில் கசப்பு விற்றுப் பிழைத்த ஒரு பெண் இருந்தாள். பெயர் செலஸ்தீன்.

கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, மஞ்சள் சுவர் வீடொன்றின் மாடியில் அவளுடைய பார். கீழே, முற்றத்தை ஒட்டிய அறையில் அவளுடைய ஜாடிகள். நிலவேம்பு, சீந்தில்கொடி, நாரத்தைத் தோல், வெட்டிவேர், கிராம்பு, ஜாதிபத்திரி என்று ஒவ்வொன்றையும் கடும் சாராயத்தில் ஊறப்போட்டு, வடித்து, சின்னச் சின்னப் புட்டிகளில் அடைத்து வைப்பாள். அதற்கு பிட்டர்ஸ் என்று பெயர். காக்டெயிலில் சொட்டு சொட்டாக விடுவது. சாம்பாருக்குப் பெருங்காயம் எப்படியோ அப்படி. கசப்பைக் குறைத்து, மசாலாவோடு சர்க்கரைப் பாகைச் சேர்த்தால் அது லிக்யூர். இரண்டும் அவளிடம் கிடைக்கும். வெளியூர்களிலிருந்து ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு.

சீடரின் பெயர் பெள்ளிராஜ். கோத்தகிரிப் பக்கத்துப் படுகர். வேலையில் இருந்த காலமெல்லாம் குன்னூரில் தேயிலை ருசி பார்த்தவர். நீள மேஜையில் கோப்பைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்ப வேண்டும். எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, பறித்த அன்றைக்கு வெயிலா மழையா என்று சொல்லிவிடுவார். சொன்னால் தப்பாது.

தொல்லை என்னவென்றால், வீட்டிலும் அதே உறிஞ்சல்தான். மனைவி ருக்கி தேநீர் கொண்டுவந்து வைப்பாள்.

"தண்ணி ரொம்பக் கொதிச்சிருக்கு."

மறுநாள் வைப்பாள்.

"பால் நேத்தையது."

ஒருநாள் ருக்கி டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். "துப்புறதுக்கு எதுக்கு நான் போடணும்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது. அன்றிலிருந்து தன் தேநீரைத் தானே போட்டுக்கொண்டார். ருக்கி ரசம் ஊற்றும்போதும் அவர் முகத்தைப் பார்க்காமல் ஊற்றப் பழகிவிட்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு விசேஷத்துக்காகப் புதுச்சேரி வந்தார். உறவுக்காரப் பையன் ஒருவன் செலஸ்தீனின் பாருக்கு அழைத்துப் போனான். முன்னால் வைத்த கிளாஸை பெள்ளிராஜ் மோந்தார். ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இருந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். ஏலக்காய், பச்சை ஏலக்காய், மைசூர்ப் பக்கத்துது. நாரத்தைத் தோல், காயவைத்தது. அடியில் நன்னாரி. எல்லாம் சரி. பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள்.

செலஸ்தீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சீங்களா சார்?"

உறிஞ்சிய ஒரு வாய் போக, கிளாஸ் அப்படியே நிறைந்திருந்தது.

மறுநாள் காலை பெள்ளிராஜ் ஒரு தோள்பையோடு அவள் வாசலில் நின்றார். "எனக்குக் கத்துக்கொடுங்க மேடம்."

"உங்களுக்கா? என்ன கத்துக்கணும்?"

"ஒரு சொட்டு பிட்டர்ஸ் ஒரு கிளாஸுக்குள்ள என்ன பண்ணுது? அது தெரியணும்."

அன்று சாயங்காலம் கடைசி மேஜையில் இரண்டு பேர் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். செலஸ்தீன் இரண்டு கிளாஸ் ரம்மும் எலுமிச்சையும் கலந்தாள். ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு விட்டாள். இரண்டையும் அவரிடம் தட்டில் கொடுத்து, "எதுல விட்டேன்னு மோந்து பார்க்காதீங்க. அவங்களுக்குக் குடுத்துட்டு, தள்ளி நின்னு பாருங்க" என்றாள்.

பார்த்தார். திரும்பி வந்தார்.

"நீலச் சட்டைக்காரர் ஒரு வாய் குடிச்சிட்டுக் கீழ வச்சிட்டார். கைய ஆட்டி ஆட்டிப் பேசுறார். மீசைக்காரரும் அதே அளவுக்குத்தான் கத்துறார். ஆனா கிளாஸைக் கைய விட்டு இறக்கல."

"மீசைக்காரரோடதுலதான் சொட்டு."

"ஏன் இறக்கல?"

"அவரையே போய்க் கேளுங்க."

பெள்ளிராஜ் போய்க் கேட்டார். மீசைக்காரர் தன் கையைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். "நான் எங்க பிடிச்சிட்டிருந்தேன்?" என்றார்.

அப்படித்தான் பெள்ளிராஜ் சீடரானார். பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். ருக்கியிடம் சொன்னபோது, "போங்க. அங்கயாவது துப்ப இடம் இருக்கா பாருங்க" என்றாள்.

அவருடைய வேலை ஊறப்போடுவது, வடிப்பது, அடைப்பது. புட்டி தயாரானதும் குருவிடம் நீட்டுவார். செலஸ்தீன் அவரையே ஒரு கணம் பார்ப்பாள். பிறகு கண்ணை மூடி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, "ம்" என்பாள். குட்டையான "ம்" என்றால் தேறியது. இழுத்து "ம்ம்ம்" என்றால் மறுபடி ஜாடிக்கு. அவள் தீர்ப்பு ஒருமுறைகூடப் பிசகவில்லை. பெள்ளிராஜுக்கு எந்தப் புட்டியில் கிராம்பு தூக்கலாகப் பட்டதோ, அதே புட்டிக்குத்தான் நீண்ட "ம்" விழுந்தது. என்ன ஒரு மூக்கு என்று அவர் மலைத்துப் போனார்.

எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில். "யாருக்காவது குடுத்துப் பாருங்க. வந்து சொல்லுங்க."

"நல்லா இருக்குன்னாங்க மேடம்."

"வாய் சொன்னது வேணாம். கை என்ன பண்ணுச்சு?"

கையைப் பார்க்கக் கற்றார். தோள் எப்போது இறங்குகிறது என்று பார்த்தார். தனியாக வந்தவர்கள் எப்போது பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்த்தார். பெரிய ஞானப் பயிற்சி நடக்கிறது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

இந்த நேரத்தில்தான் செலஸ்தீனின் அம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அம்மா பெயர் ஒதீல். வயது அறுபத்தொன்று. கணவர் போய் ரொம்ப காலமாகிறது. காரைக்காலில் பேக்கரி வைத்திருக்கும் சவரிநாதன் என்பவர், மனைவியை இழந்தவர், கேக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார். முதலில் கிறிஸ்துமஸுக்கு. பிறகு ஈஸ்டருக்கு. பிறகு எந்தப் பண்டிகையும் இல்லாத செவ்வாய்க்கிழமைகளிலும். ஒதீல் ஒருநாள், "இவ்வளவு கேக்கை நான் ஒருத்தியா தின்ன முடியாது, நீங்களும் உக்காருங்க" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் மாதா கோயிலில் திருமணம். சாயங்காலம் வீட்டு முற்றத்தில் விருந்து. விருந்துக்கு ஒரு பானம் வேண்டும். அதற்கான நாரத்தை லிக்யூரைச் செய்கிற பொறுப்பை செலஸ்தீன் பெள்ளிராஜிடம் கொடுத்தாள்.

அவர் சாப்பாடு தூக்கம் பார்க்காமல் செய்தார். நாரத்தையைத் தானே சந்தையில் பொறுக்கினார். தோலை வெள்ளை ஒட்டாமல் சீவினார். பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றில் ஊறப்போட்டார். பாதியில் ஜாடியின் தக்கை விரிசல் விட்டது. கடையில் புதிதாக ரப்பர் அடைப்பான் ஒன்று வாங்கி இறுக்கமாக மூடினார்.

கல்யாண நாள் வந்தது. மாதா கோயில் மணி அடித்தது. ஒதீல் ஊதா நிறப் பட்டு உடுத்தி, மணமகனைவிட வேகமாக நடந்து பீடத்துக்குப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் பெள்ளிராஜ் ஜாடியைத் தூக்கிவந்து அறை மேஜையில் வைத்தார். அடைப்பானைத் திருகும்போது போன் அடித்தது. ருக்கி.

"நான் பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டேன். சொந்தக்காரப் பையன் வீட்டுல குளிச்சிட்டு ஆறு மணிக்கு அங்க வர்றேன்."

"என்னது?"

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டாங்க, வந்திருக்கேன். உங்க குருவோட அம்மா போன் பண்ணாங்க. உங்களைப் பார்க்கறதுக்கு ஒண்ணும் வரல."

பெள்ளிராஜ் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஆட்டோவுக்கு வழி சொல்லிக்கொண்டே, ஜாடியைத் திறந்து குருவின் பக்கம் நகர்த்தினார். செலஸ்தீன் அவரைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். குனிந்தாள்.

"ம்."

குட்டையான "ம்". தேறிவிட்டது.

போனை வைத்துவிட்டு, சந்தோஷத்தோடு பெள்ளிராஜும் குனிந்து மோந்தார்.

ரப்பர். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற வாசனை. கடும் சாராயம் அடைப்பானை மெல்ல மெல்லத் தின்று உள்ளே இழுத்திருந்தது. நாரத்தை எங்கோ அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மூன்று வயதுக் குழந்தைகூட முகத்தைச் சுளிக்கும்.

அவர் நிமிர்ந்து குருவைப் பார்த்தார். அவளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியல?"

செலஸ்தீன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சு சார். ஒரு காய்ச்சல் வந்துச்சு. போகும்போது மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. டாக்டர்லாம் பார்த்தாச்சு. நாக்குல இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரியும். வாசனைன்னு ஒண்ணும் வராது. மல்லிகையும் சாக்கடையும் எனக்கு ஒண்ணுதான்."

பெள்ளிராஜ் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"இத்தனை மாசமா ஒவ்வொரு புட்டியையும் மோந்து பார்த்து 'ம்'னீங்களே."

"'ம்'னுதான சொன்னேன்."

"ஒருவாட்டிகூடத் தப்பா சொன்னதில்லையே. எப்படி?"

"புட்டியைத் திறக்கும்போது நீங்க மோந்து பார்ப்பீங்க. நான் உங்க முகத்தைப் பார்ப்பேன். கிராம்பு ஜாஸ்தின்னா உங்க இடது புருவம் மேல போகும். நல்லா வந்திருந்தா மூக்கு நுனி லேசா விரியும். இன்னைக்கு நீங்க போன்ல இருந்தீங்க. முகம் முழுக்க ருக்கி அம்மா வர்ற சந்தோஷம்தான் இருந்துச்சு. நான் ஜாடி நல்லா வந்திருக்குன்னு நினைச்சிட்டேன்."

பெள்ளிராஜுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"அப்ப 'கை என்ன பண்ணுச்சு, தோள் இறங்குச்சா'ன்னு கேட்டதெல்லாம்? அது பாடமா, சமாளிப்பா?"

"சமாளிப்புதான்."

அவர் ரப்பர் அடைப்பானை எடுத்து ஜாடியை அழுத்தி மூடினார்.

"முதல்ல சமாளிப்புதான் சார். மூக்கு போன அன்னிக்குக் கடையை மூடிடலாம்னு நினைச்சேன். மூடப் போகும்போது ஒருத்தர் கிளாஸோட உக்கார்ந்திருந்தார். அவர் குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அதுக்கு முன்னாடி ஒருத்தர் குடிக்கிறதையும் நான் கவனிச்சதில்ல. ஜாடியைத்தான் பார்ப்பேன். சமாளிக்கப் போன இடத்துலதான் நானும் கத்துக்கிட்டேன்."

வெளியே முற்றத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. செலஸ்தீன் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கல்யாணத்தையே தள்ளி வச்சிருப்பாங்க. 'உன்னைப் பார்த்துக்கணும்'னு இங்கயே உக்கார்ந்திருப்பாங்க. அந்த மனுஷன் கேக்கைத் தூக்கிக்கிட்டுக் காரைக்காலுக்கும் இங்கயுமா அலைஞ்சிருப்பார்."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. ஒதீல் உள்ளே வந்தாள். கையில் ஒரு சென்ட் பாட்டில். மணிக்கட்டை மகளின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சவரி வாங்கிக் குடுத்தார். வயசுக்கு மீறி இருக்கா பாரு. உண்மையைச் சொல்லு."

செலஸ்தீன் குனிந்தாள். குனிந்தபடியே கண்ணை ஓரமாக உயர்த்தி பெள்ளிராஜைப் பார்த்தாள். ஒதீலின் மணிக்கட்டு அவருக்கும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் ரோஜாவும், கொஞ்சம் எலுமிச்சைப் பூவும், அடியில் சவரிநாதனின் பேக்கரியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வெண்ணெய் வாசனையும் இருந்தன. பெள்ளிராஜ் இடம் மறந்து சிரித்துவிட்டார்.

"வயசுக்கு மீறித்தான் இருக்கும்மா," என்றாள் செலஸ்தீன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

ஒதீல் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடினாள். கதவு சாத்தியதும் பெள்ளிராஜ் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஆறு மணிக்கு ஆள் வர ஆரம்பிச்சுடும்."

"ஊற வைக்க நேரமில்ல."

"நாரத்தைத் தோலைச் சர்க்கரை போட்டுக் கசக்கினா அரைமணி நேரத்துல எண்ணெய் விட்டுடும். கருப்பட்டிப் பாகுல சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டுச் சூடு பண்ணுவோம். ரம் இருக்கு. மிச்சத்தை பிட்டர்ஸ் பார்த்துக்கும்."

கசக்கினார்கள். தட்டினார்கள். அறை முழுக்க மணத்தது. பெள்ளிராஜுக்குத்தான் மணத்தது. அது ஏனோ அவருக்கு அநியாயமாகப் பட்டது. பாகும் ரம்மும் சாறும் வேறொரு ஜாடியில் ஒன்றாகக் கலந்ததும் புட்டிகளை எடுத்து மேஜையில் பரப்பினார். மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லுங்க," என்றாள் செலஸ்தீன்.

"முன்னால பழத்தோல். நடுவுல காரம். முடிவு கொஞ்சம் வறட்சியா..."

"இப்படித்தான் தேயிலை ஏலத்துல சொல்வீங்க. எனக்கு இதுல எதுவும் தெரியலையே. நான் மோந்தே ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குக் காட்டுங்க."

"வாசனையை எப்படிக் காட்டுறது?"

"நீங்கதான் சொல்லணும்."

பெள்ளிராஜ் மறுபடி குனிந்தார். நெடுநேரம் யோசித்தார். இத்தனை வருஷ வேலையில் இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"மழை வரப்போகுது. கொடியில துணி கிடக்கு. அவசர அவசரமா எடுத்துட்டிருக்காங்க. அப்படி இருக்கு."

செலஸ்தீன் கைகொட்டிச் சிரித்தாள். "பதறுது. சுக்கு ஜாஸ்தி. பாகு இன்னும் ரெண்டு கரண்டி விடுங்க."

விட்டார். மோந்தார்.

"இப்ப?"

"துணி எடுத்தாச்சு. ஆனா வீட்டுல யாருமில்ல."

"வெட்டிவேர்ல நாலு சொட்டு."

"இப்ப மழை விழுது. யாரோ அடுப்பு பத்த வச்சிருக்காங்க."

"நிலவேம்பு. ஒரே ஒரு சொட்டு. ஜாஸ்தி வேணாம்."

விட்டார். கலக்கினார். குனிந்தார். நிமிர்ந்து கதவுப் பக்கம் திரும்பினார்.

"சார்?"

"வாசல்ல நின்னு மழையைப் பார்த்துட்டிருக்கேன்."

"தனியாவா?"

பெள்ளிராஜ் இன்னொருமுறை குனிந்து மோந்தார்.

"ருக்கி பக்கத்துல நிக்கிறா."

"அப்ப மூடி வைங்க," என்றாள் குரு. "போதும்."

ஆறு மணிக்கு முற்றம் நிறைந்தது. மாமரத்தில் சீரியல் பல்பு எரிந்தது. சவரிநாதனின் சொந்தக்காரர்கள் ஒரு பேண்டு செட்டையே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கிளாரினெட்காரர் வாசலிலேயே ஊத ஆரம்பித்துவிட்டார். ருக்கி தோளில் வெள்ளைப் போர்வையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பெள்ளிராஜைப் பார்த்து, "இளைச்சிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராக ஒதீலிடம் போனாள். இரண்டு பேரும் பலநாள் தோழிகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

முற்றத்து ஓரத்தில் மேஜை போட்டு அமைத்த கவுண்டருக்குப் பின்னால் செலஸ்தீன் கலக்கிக் கலக்கிக் கொடுத்தாள். பெள்ளிராஜ் தூணோரமாக நின்று கைகளைப் பார்த்தார். முதல் தட்டு போனது. யாரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்து அதிசயிக்கவில்லை. "இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. காரைக்கால்காரர்கள் புதுச்சேரிக்காரர்களிடம் பேசத் தொடங்கினார்கள். பங்குத்தந்தை ஒரு பழைய நகைச்சுவையைச் சொன்னார். அது அவருக்கே பிடித்துப்போய் இரண்டாம் தடவையும் சொன்னார்.

ருக்கியின் கையில் ஒரு கிளாஸ் இருந்தது. பெள்ளிராஜ் அதையே பார்த்தார்.

"என்ன பார்க்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நீங்க குடிக்கலையா?"

செலஸ்தீன் அங்கிருந்தே அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கிளாஸை எடுத்தாள். ஜாடியிலிருந்து ஊற்றினாள். பிறகு மேஜையில் இருந்த புட்டிகளில் ஏதோ ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். முதுகு மறைத்ததால் அவருக்கு எது என்று தெரியவில்லை. ருக்கியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தாள்.

"இது அவருக்கு. நீங்களே குடுங்கம்மா."

"அவருக்கா?" என்றாள் ருக்கி. "நான் குடுத்தா துப்புவார்."

"குடுத்துப் பாருங்க."

ருக்கி கொண்டுவந்து நீட்டினாள். பெள்ளிராஜ் வாங்கினார். மூக்குக்குக் கொண்டுபோனார். பழக்கதோஷம். ருக்கி வழக்கம்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் ஒதீல் முற்றத்தின் நடுவிலிருந்து கத்தினாள். "ருக்கி! உங்க மலையில கல்யாணத்துக்கு ஆடுவீங்களாமே! எங்களுக்கும் காட்டுங்க!"

ருக்கி மாட்டேன் என்று சொல்லவில்லை. படுகர் வீட்டுப் பெண்ணிடம் ஆடு என்று சொல்லிவிட்டு அவள் மாட்டேன் என்று சொல்வதை யாரும் பார்த்ததில்லை. போர்வையை இழுத்துச் செருகினாள். "வட்டமா நில்லுங்க. முன்னால ஓரடி, பின்னால ஓரடி, கை மேல, அரைச்சுத்து. அவசரமே வேணாம்." கிளாரினெட்காரர் ஒருமுறை தப்பாக ஊதினார். ருக்கி தாளத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். மறுமுறை பிடித்துக்கொண்டார்.

வட்டத்தில் ஒரு ஆள் இடைவெளி இருந்தது. ருக்கி திரும்பிப் பெள்ளிராஜைப் பார்த்தாள்.

"ஏன் நிக்கிறீங்க? வாங்க!"

அவர் கையில் கிளாஸ் இருந்தது. இந்த ஆட்டத்துக்கு இரண்டு கையும் வேண்டும். வைக்கப் பக்கத்தில் இடமில்லை. வட்டம் நகர ஆரம்பித்துவிட்டது. பெள்ளிராஜ் கிளாஸைக் கவிழ்த்துக் குடித்தார். இரண்டே மடக்கு. யார் கையிலோ காலிக் கிளாஸைத் திணித்துவிட்டு உள்ளே புகுந்தார்.

முன்னால் ஓரடி. பின்னால் ஓரடி. சவரிநாதன் எப்போதும் தப்பான பக்கம் திரும்பினார், ஒதீல் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள். பங்குத்தந்தை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார். ருக்கி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளைப் போர்வையின் முனை ஒவ்வொரு திருப்பத்துக்கும் பறந்து பெள்ளிராஜின் முகத்தில் பட்டது. அரைச்சுற்றில் அவள் இவரைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த அரைச்சுற்று வர இவர் காத்திருந்தார். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. தெருவில் போனவர்கள்கூட உள்ளே வந்து சேர்ந்துகொண்டார்கள். எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை.

கிளாரினெட்காரருக்கு மூச்சு வாங்கியபோதுதான் ஆட்டம் நின்றது.

ருக்கி பந்தியில் இடம் பிடிக்கப் போனாள். "உங்களுக்கும் சேர்த்துப் பிடிக்கிறேன், வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெள்ளிராஜ் வியர்வை சொட்டச் சொட்டக் கவுண்டரில் வந்து சாய்ந்தார். செலஸ்தீன் ஒரு துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், எனக்குன்னு தனியா ஒண்ணு கலந்தீங்களே."

"ஆமா."

"அதுல என்ன போட்டீங்க?"

"நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

பெள்ளிராஜ் வாயைத் திறந்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார். கண்ணை மூடினார். ருக்கியின் போர்வை முனை முகத்தில் பட்டதுதான் நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

"தெரியல," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "குடிச்சிட்டேன்."

குரு தலையாட்டினாள்.

"ஆனா சரியா வந்திருந்துச்சா மேடம்? எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க என் முகத்தைப் பார்த்திருப்பீங்களே, சொல்லுங்க."

"நான் பார்க்கல சார்," என்றாள் செலஸ்தீன். "நானும் ஆடிக்கிட்டிருந்தேன்."